1965, 1966 ஃபோர்ட் மஸ்டாங் வாங்கும் முன்: அடையாளத்திலிருந்து சாலை ஓட்டம் வரை முழுமையான சோதனை வழிகாட்டி

1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்ட் நிறுவனம் அறிமுகப்படுத்திய மஸ்டாங், இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள் பத்து லட்சத்தை எட்டிய கார். அமெரிக்காவில் பழைய கார் சேகரிக்கத் தொடங்குபவர்களில் பலர் இன்றும் முதலில் இதைத் தேடுவதற்கு அந்த எண்ணிக்கையே காரணம். வண்டியும் கிடைக்கிறது, உதிரி பாகமும் கிடைக்கிறது. மட்கார்டிலிருந்து தரைத் தகடு வரை ஏறக்குறைய எல்லாமே புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. இந்தத் தாராளத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. உள்ளே இற்றுப்போன வண்டியை வெளியே பளபளப்பாக்கி விற்பதும், ஆறு சிலிண்டர் வண்டியை எட்டு சிலிண்டர் வி8 என்றும் சாதாரண வண்டியை ஜிடி என்ற சிறப்புத் தொகுப்போடு வந்தது என்றும் சொல்லி விற்பதும் இந்தக் காரில் மிக எளிது.

ஆகவே எதைச் சோதிக்கிறோம் என்பதைப் போலவே எந்த வரிசையில் சோதிக்கிறோம் என்பதும் முக்கியம். முதலில் அடையாளம், அடுத்து இரும்பு, அதற்குப் பிறகே எஞ்சின், கடைசியாகச் சாலை ஓட்டம் என்ற வரிசையை நான் வற்புறுத்திச் சொல்வேன். வி8 எஞ்சினின் சத்தத்தை முதலில் கேட்டுவிட்டவர், அதன் பிறகு காணும் ஓட்டைகளுக்கெல்லாம் தானே சமாதானம் தேடத் தொடங்கிவிடுவார். எஞ்சின் பழுதுக்குச் செலவு இவ்வளவு என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியும். துருப்பிடித்த பாடிக்கு, தகட்டை வெட்டித் திறக்கும் வரை யாராலும் சரியான கணக்குச் சொல்ல முடியாது.

புறப்படும் முன்

விற்பவரிடம் தொலைபேசியிலேயே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். வண்டி எந்தெந்த மாநிலங்களில் இருந்தது என்பது முதல் கேள்வி. மிச்சிகன், ஒஹையோ, நியூயார்க் போன்ற இடங்களில் குளிர்காலச் சாலைகளில் தூவப்படும் உப்பு அடித்தகட்டைத் தின்றிருக்கும். அரிசோனா, கலிஃபோர்னியாவின் உலர்ந்த பகுதிகளில் இருந்த வண்டியில் டேஷ்போர்டும் சீட்டும் வெயிலில் வெடித்திருந்தாலும் இரும்பு பெரும்பாலும் தப்பியிருக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் வெயிலில் வெடித்த வண்டியையே எடுப்பேன். நாம் வரும் வரை எஞ்சினை இயக்காமல் குளிர்ந்த நிலையிலேயே வைத்திருக்க முடியுமா என்பது இரண்டாவது கேள்வி. நன்றாகச் சூடேறிய எஞ்சின் பல நோய்களை மறைத்துவிடும் என்பதால், போய்ச் சேரும்போது பானெட் சூடாக இருந்தால் அதையே ஒரு குறிப்பாக எழுதிக்கொள்ளலாம்.

கையில் இருக்க வேண்டியவை: வெளிச்சம் கூடிய டார்ச், துணியில் சுற்றிய சிறு காந்தம், பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி, ஸ்க்ரூடிரைவர், சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ், எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தை அளக்கும் வாக்குவம் கேஜ், மல்டிமீட்டர், இரண்டு பெரிய கேன் தண்ணீர். தண்ணீர் எதற்கு என்பது கீழே வரும்.

முதல் படி: இது எந்தக் கார்?

1981 மாடல் முதல் வந்த 17 இலக்க வாகன எண் இந்தக் கார்களில் இருக்காது. 1965, 1966 மஸ்டாங்கின் எண் பதினொரு இடங்களே கொண்டது. அது ஓட்டுநர் பக்கம் பானெட்டுக்குள், மட்கார்டுக்கு உட்புறமுள்ள தகட்டின் மேல் விளிம்பில் அடிக்கப்பட்டிருக்கும். மட்கார்டு விளிம்பில் அதற்காகவே ஒரு சிறு வெட்டு விடப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, 5ஆர்09கே என்று எண் தொடங்கினால், 5 என்பது 1965 மாடல், ஆர் என்பது சான் ஹோசே ஆலை, 09 என்பது கூரை பின்னால் சரிந்து இறங்கும் ஃபாஸ்ட்பேக் பாடி, கே என்பது எஞ்சின். அதன் பின் வரும் ஆறு இலக்கம் வரிசை எண். 07 என்றால் நிலையான கூரையுள்ள ஹார்டுடாப், 08 என்றால் கூரையை மடக்கித் திறக்கும் கன்வெர்டிபிள். மற்ற இரண்டு ஆலைகள் டியர்பார்னிலும் மெட்டச்சனிலும் இருந்தன. 289 கன அங்குல வி8 எஞ்சினில் சி என்பது இரட்டை வாய்க் கார்புரேட்டருடன் 200 குதிரைத்திறன், ஏ என்பது நான்கு வாய்க் கார்புரேட்டருடன் 225, கே என்பது 271. 1964-இல் முதல் சில மாதங்களில் வந்த வண்டிகளில் மட்டும் வேறு சில எழுத்துகளும் உண்டு.

இதே எண் மட்கார்டுக்கு அடியில் மறைந்தபடி மேலும் இரண்டு இடங்களில் அடிக்கப்பட்டிருக்கும். மட்கார்டைக் கழற்றினால்தான் அவை தெரியும். கே எஞ்சின் வண்டி என்று சொல்லி அதிக விலை கேட்கப்பட்டால், கழற்றிக் காட்டச் சொல்வது நியாயமான கோரிக்கையே. ஓட்டுநர் கதவின் பின் விளிம்பில் ரிவெட் அடித்த தகடு ஒன்று இருக்கும். அதில் பாடி வகை, நிறம், உள் அலங்காரம், தயாரிப்புத் தேதி, பின் ஆக்ஸில், கியர்பாக்ஸ் எல்லாம் குறியீடாக இருக்கும். கதவை வேறு வண்டியிலிருந்து எடுத்து மாட்டலாம், தகட்டையும் புதிதாக அடித்து வாங்கலாம் என்பதால், கதவுத் தகட்டை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. உள்தகட்டில் அடித்த எண்ணும் கதவுத் தகட்டு எண்ணும் உரிமை ஆவண எண்ணும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். எண் அடித்த இடத்தைச் சுற்றி அரைத்த தடமோ வெல்டிங் கோடோ தெரிந்தால் அத்துடன் விலகிவிடுங்கள். திருத்தப்பட்ட எண் உள்ள வண்டியைக் காவல்துறை பறிமுதல் செய்ய முடியும்.

சக்கரங்களையும் இப்போதே பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து ஆறு சிலிண்டரோடு வந்த வண்டியில் ஒரு சக்கரத்துக்கு நான்கு நட்டு. வி8 வண்டியில் ஐந்து. பானெட்டுக்குள் வி8 இருந்து சக்கரத்தில் நான்கு நட்டு இருந்தால், எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டு ஆறு சிலிண்டருக்கான 9 அங்குல டிரம் பிரேக்கையும் மெலிந்த பின் ஆக்ஸிலையும் அப்படியே விட்டிருக்கிறார்கள் என்று பொருள். முழுமையாக மாற்றிய வண்டியில் ஐந்து நட்டு இருக்கும். அங்கே வாகன எண்ணின் எஞ்சின் எழுத்துதான் உண்மையைச் சொல்லும். மாற்றியது குற்றமில்லை, அதை மூல வி8 விலைக்கு வாங்குவதுதான் நட்டம்.

இந்த இரண்டு ஆண்டுகளிலும் ஜிடி தொகுப்பு ஏ அல்லது கே எஞ்சின் வண்டிகளுக்கு மட்டுமே தரப்பட்டது. சி எழுத்து வண்டி ஜிடி சின்னங்களோடு நின்றால், அவை பின்னால் ஒட்டப்பட்டவை. ஏ எழுத்து இருந்தாலும் அது ஜிடி என்று உறுதியாகிவிடாது; வாகன எண்ணில் ஜிடி என்ற குறிப்பே கிடையாது. 1967 முதல் உள்ள ஃபோர்ட் வண்டிகளுக்குத் தொழிற்சாலைப் பதிவிலிருந்து எடுத்த மார்ட்டி அறிக்கையை வாங்கி இத்தகைய சந்தேகங்களைத் தீர்க்கலாம். 1965, 1966 வண்டிகளுக்கு அந்த வசதி இல்லாததால், பழைய விற்பனை ரசீதும் முன் உரிமையாளர்கள் வைத்திருந்த தாள்களும் இங்கே கூடுதல் மதிப்புப் பெறுகின்றன.

மூல எஞ்சின்தான் என்ற பேச்சையும் நிதானமாகக் கேளுங்கள். 1968-க்கு முன் கே வகை தவிர மற்ற 289 எஞ்சின்களில் வாகன எண் அடிக்கப்படவில்லை. சி, ஏ வண்டிகளில் எண் பொருந்துகிறது என்று யாரும் நிரூபிக்க முடியாது; வார்ப்புத் தேதி பொருந்துகிறதா என்று மட்டுமே பார்க்க முடியும். செல்ஃப் மோட்டாருக்கு மேலே பிளாக்கின் பக்கத்தில் உள்ள வார்ப்பு எண் சி5 என்று தொடங்கினால் 1965-க்காக வடிவமைத்தது. டி7 என்றால் 1977. அருகிலேயே 5சி4 போல ஒரு தேதிக் குறி இருக்கும்: 1965, மூன்றாம் மாதம், நான்காம் நாள். அந்தத் தேதி கார் தயாரான தேதிக்குச் சில வாரங்கள் முன்னதாக இருக்க வேண்டும். எஞ்சின் காரைவிட இளையதாக இருந்தால் மாற்றப்பட்டது என்பதில் ஐயமில்லை.

இரண்டாம் படி: இரும்பு

நேரத்தில் பாதியை இங்கே செலவிடுங்கள். மஸ்டாங்குக்குத் தனி சேஸிஸ் கிடையாது; தரைத் தகடு, கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் பெட்டி, முன்னும் பின்னும் செல்லும் இரும்புக் குழல்கள் எல்லாவற்றையும் ஒன்றாக வெல்டு செய்த பாடியே வண்டியின் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. எனவே துரு இங்கே அழகைக் கெடுக்கும் சங்கதியாக நின்றுவிடாமல், வண்டியின் வலுவையே குறைக்கிறது.

முதலில் தண்ணீர்ச் சோதனை. பானெட்டுக்கும் முன் கண்ணாடிக்கும் இடையில், வைப்பர்களுக்கு அருகே, வரி வரியாகத் துளையிட்ட காற்று வழி ஒன்று உண்டு. அதன் அடியில் இரண்டு தகடுகளைச் சேர்த்துச் செய்த ஒரு மூடிய தொட்டி இருக்கிறது. காருக்குள் காற்று போகும் இரண்டு வாய்களைச் சுற்றி, மழைநீர் உள்ளே இறங்காதபடி விளிம்பு உயர்த்தியிருப்பார்கள். இலைதழைகள் விழுந்து மக்கி ஈரம் தேங்குவதால் அந்த விளிம்பின் அடிப்பகுதிதான் முதலில் இற்றுப்போகிறது. வெளியிலிருந்து எவ்வளவு குனிந்து பார்த்தாலும் அது தெரியாது. ஒருவரை டார்ச்சோடு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் படுக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் வெளியே ஒரு பக்கம் நிதானமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். நல்ல வண்டியில் தண்ணீர் முன் சக்கரங்களுக்குப் பின்னால் தரையில் ஒழுகி வெளியேறும். கெட்ட வண்டியில், ஊற்றிய சிறிது நேரத்திலேயே உள்ளே காற்று வாயின் ஓரத்தில் பழுப்புத் துளிகள் கோத்து, கம்பளத்தில் சொட்டத் தொடங்கும். இரண்டு பக்கமும் தனித்தனியாக ஊற்றிப் பார்க்க வேண்டும். இதைச் சரியாகப் பழுது பார்க்க வேண்டுமென்றால் பானெட், மட்கார்டு, டேஷ்போர்டுப் பாகங்கள் எல்லாவற்றையும் கழற்றி, மேல் தகட்டின் ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டு எடுத்து, புதுத் தகட்டை வெல்டு செய்ய வேண்டும். புதுத் தகட்டின் விலை பெரிதில்லை. கூலிதான் வாங்கும் விலையின் கணிசமான பங்கை விழுங்கிவிடும். ஓட்டையை உள்ளிருந்து தார் அல்லது சிலிகான் பூசி அடைத்திருந்தால், விற்பவருக்கு விஷயம் முன்பே தெரியும் என்று கொள்ளலாம்.

பயணி பக்கக் கம்பளம் மட்டும் ஈரமாக இருந்தால் உடனே இந்தத் தொட்டியின் மேல் பழி போட வேண்டாம். ஹீட்டருக்குள் இருக்கும் சிறு ரேடியேட்டர் ஒழுகினாலும் அதே இடம்தான் நனையும். விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் கூலன்ட், வெறும் சேற்று வாடை என்றால் மழைநீர். முன்னது ஒரு நாள் வேலை.

அடுத்து கம்பளத்தைத் தூக்கித் தரைத் தகட்டைப் பாருங்கள். ஓட்டையான தகட்டின் மேல் இன்னொரு தகட்டை வைத்து ரிவெட் அடித்திருப்பது அடிக்கடி காணக் கிடைப்பது. வண்டியை லிப்டில் ஏற்றச் சொல்லி, முன் குழல்களும் ராக்கரும் சேரும் இடத்திலுள்ள டார்க் பாக்ஸ் என்ற பெட்டியையும், பின் ஸ்பிரிங் பட்டைகள் மாட்டியிருக்கும் குழல்களையும் ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. மொத்தென்று கேட்டால் உள்ளே ஒன்றுமில்லை. அடிப்பாகம் முழுவதும் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் கூடுதல் பொறுமையோடு தட்ட வேண்டும்.

பேட்டரிக்கு அடியிலுள்ள தகடு அமிலத்தால் அரித்திருக்கும். அது இந்த வண்டிகளில் சகஜம், விலைபேச உதவும், அவ்வளவே. டிக்கியில் விரிப்பையும் ஸ்டெப்னியையும் எடுத்துவிட்டுப் பார்த்தால் பெட்ரோல் டாங்கின் மேல்தகடே டிக்கியின் தரையாக இருப்பது தெரியும். டாங்கின் ஓரங்களிலும், பின் மட்கார்டின் அடியில் இறங்கும் குழிகளிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். கூரையில் வினைல் உறை ஒட்டியிருந்தால் பின் கண்ணாடியின் கீழ் மூலைகளை விரலால் அழுத்துங்கள். கொப்புளம் நொறுங்கும் சத்தம் கேட்டால் உறைக்குக் கீழே துரு பரவியிருக்கிறது.

கன்வெர்டிபிள் வண்டிக்கு ஒரு தனிச் சோதனை. கூரை இல்லாத குறையை ஈடுகட்ட அதன் ராக்கர்களுக்குள் கூடுதல் தகடு வைத்திருப்பார்கள். அது இற்றுவிட்டால் வண்டி நடுவில் தொய்யும். கதவை மூடி, அதற்கும் பின் மட்கார்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலே நெருக்கமும் கீழே அகலமுமாக இருந்தால் தொய்வு தொடங்கிவிட்டது. நடுவே ஜாக்கி வைத்து மெல்ல உயர்த்தும்போது அந்த இடைவெளி மாறினாலும் அதே தீர்ப்புதான். கதவைத் திறந்ததும் அது கீழே இறங்கினால் மட்டும் கீல் தேய்மானம். அது சிறிய வேலை.

முன் ஸ்பிரிங், மேல் கண்ட்ரோல் ஆர்மின் மீது உட்கார்ந்து, பானெட்டுக்குள் இருபுறமும் உயர்ந்து நிற்கும் ஷாக் டவர்களைத் தாங்கி நிற்கிறது. வி8 எஞ்சினின் பாரமும் பல்லாண்டுக் குழிச் சாலைகளும் சேர்ந்து அந்த டவர்களில் வெடிப்பு விடச் செய்யும். டவர்கள் உள்நோக்கிச் சாயவும் செய்யும். சக்கரத்தின் பக்கமிருந்து, ஆர்ம் மாட்டியிருக்கும் போல்ட்டுகளைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா, அதன் மேல் வெல்டிங் ஒட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு டவர்களுக்கும் இடையே ஒரு நேர்க் கம்பி மாட்டியிருந்தால் ஒரு போல்ட்டைத் தளர்த்தி மறுபடி மாட்டச் சொல்லுங்கள். சிரமமில்லாமல் துளை நேருக்கு நேர் வந்தால் டவர்கள் தம் இடத்தில் நிற்கின்றன. நெம்பித்தான் மாட்ட முடிகிறதென்றால் அவை சாய்ந்துவிட்டன.

கடைசியில்தான் பெயின்ட். தொழிற்சாலை பெயின்ட் சுமார் 100 முதல் 150 மைக்ரான் தடிமன் இருக்கும். மறுபடி அடித்திருந்தால் 200, 300 என்று காட்டும். 1000-ஐத் தாண்டினால் கீழே பட்டிதான். கருவி இல்லையென்றால் காந்தம் போதும். பின் மட்கார்டின் சக்கர வளைவு, முன் மட்கார்டில் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள கீழ்ப்பகுதி, கதவின் அடி விளிம்பு ஆகிய இடங்களில் காந்தம் நழுவி விழுந்தால் அங்கே இரும்பு இல்லை.

மூன்றாம் படி: எஞ்சின்

குளிர்ந்த எஞ்சினில் முதலில் ஆயில் குச்சியையும் ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தாலும், கூலன்டின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தாலும் பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம் கொள்ள வேண்டும். இயக்குவதற்கு முன் ஒரு எளிய சோதனை உண்டு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு ஒரு பக்கமாகத் திருப்பி நிறுத்துங்கள். பிறகு எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்பிக்கொண்டே, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் எப்போது அசையத் தொடங்குகிறது என்று பாருங்கள். கிராங்க் பத்து டிகிரிக்கு மேல் நகர்ந்த பின்பே ரோட்டர் அசைந்தால், கிராங்கையும் கேம் ஷாஃப்டையும் இணைக்கும் டைமிங் செயின் நீண்டுவிட்டது. அக்காலத்தில் பல எஞ்சின்களில் கேம் பல்சக்கரத்தின் பற்கள் நைலானால் ஆனவை. அவை உதிர்ந்து ஆயில் பம்ப்பின் வலையில் போய் அடைத்துக்கொள்வதும் உண்டு.

இப்போது இயக்கிவிட்டு, வண்டிக்குப் பின்னால் ஒருவர் நிற்க வேண்டும். இயக்கிய நொடியில் ஒரு நீலப் புகை வந்து மறைந்தால் வால்வு சீல். வேகம் கூட்டும்போதெல்லாம் நீலம் வந்தால் பிஸ்டன் ரிங். கறுப்பு என்றால் கார்புரேட்டரோ சோக்கோ அதிகப் பெட்ரோல் விடுகிறது. அதற்காக வண்டியை ஒதுக்க வேண்டாம். இனிப்பு வாடையுடன் நிற்காமல் வரும் வெள்ளைப் புகை கூலன்ட் எரிவது. இங்கே அவசரப்பட்டு ஏமாறக்கூடிய ஒரு இடம் இருக்கிறது. சி4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எஞ்சினின் வாக்குவத்தால் இயங்கும் மாடுலேட்டர் என்ற சிறு பாகம் உண்டு. அதன் சவ்வு கிழிந்தால் கியர் ஆயிலை எஞ்சின் உறிஞ்சி எரித்து வெள்ளைப் புகையாகக் கக்கும். கியரும் முரட்டுத்தனமாக விழும். மாடுலேட்டரின் வாக்குவம் குழாயைக் கழற்றிப் பார்த்து, உள்ளே சிவப்பு ஆயில் ஈரம் இருந்தால் நோய் அதுதான். மலிவான அந்தப் பாகத்தை மாற்றினால் தீர்ந்துவிடும்.

எஞ்சின் சூடேறிய பின் வாக்குவம் கேஜை மாட்டுங்கள். ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவுக்குள் முள் அசையாமல் நின்றால் நல்லது. ஒரே தாளத்தில் முள் விழுந்து எழுந்தால் ஒரு வால்வு எரிந்திருக்கலாம். அடுத்து எல்லா பிளக்கையும் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, திராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து எட்டு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் எடுக்க வேண்டும். மிகக் குறைந்த அளவு, மிக உயர்ந்த அளவில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்தால், அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கெட்.

மின்சாரத்தில் இரண்டு கோளாறுகள் விற்பவரைக் காரணமில்லாமல் சந்தேகிக்க வைப்பவை. பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் ஒரே நேரத்தில் தவறாகக் காட்டினால், மீட்டர்களின் பின்னால் மின்னழுத்தத்தைச் சராசரி 5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் சிறு ரெகுலேட்டர் போயிருக்கிறது. ஹெட்லைட் சற்று நேரம் எரிந்து தானே அணைந்து தானே எரிந்தால், சுவிட்சுக்குள்ளேயே உள்ள சர்க்யூட் பிரேக்கர், அதிக வாட் பல்புகளின் சுமையைத் தாங்காமல் துண்டிக்கிறது. டேஷ்போர்டுக்கு அடியில் பல நிற ஒயர்களை முறுக்கி டேப் சுற்றியிருப்பதுதான் உண்மையில் அஞ்ச வேண்டியது. இந்த வண்டிகள் தீப்பிடிக்க அது போதும்.

நான்காம் படி: சாலையில்

நகரும் முன் பிரேக்கை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். 1965, 1966 வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறைதான்; எந்தச் சக்கரத்தில் ஒழுகினாலும் நான்கிலும் பிரேக் போய்விடும். பெடல் மெல்லக் கீழே இறங்கினால் அந்த வண்டியை ஓட்டவே வேண்டாம். இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டராக மாற்றியிருந்தால், மூல நிலை போய்விட்டது என்று குறை சொல்லாமல் அதற்கு ஒரு நல்ல மதிப்பெண் கொடுங்கள்.

சாதாரண ஸ்டீயரிங் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நான்கரை, ஐந்து சுற்றுச் சுற்ற வேண்டியிருக்கும். அது அந்த வண்டியின் இயல்பு. நேராக ஓடும்போது ஸ்டீயரிங்கை இரண்டு மூன்று அங்குலம் ஆட்டியும் வண்டி திரும்பாமல் இருந்தால்தான் தேய்மானம். பள்ளத்தில் இறங்கும்போது வரும் கிறீச்சொலி மேல் ஆர்ம் புஷ் காய்ந்ததால் வருவது. பிரேக் ஒரு பக்கம் இழுத்தால், நிறுத்தியதும் எந்த டிரம் அதிகச் சூடாக இருக்கிறது என்று கவனியுங்கள். 20 நிமிடம் ஓட்டிவிட்டு, எஞ்சினை நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மறுபடி இயக்கிப் பாருங்கள். சூட்டில் இயங்க மறுத்தால் செல்ஃப் மோட்டார், அல்லது கார்புரேட்டரில் பெட்ரோல் கொதித்தல். இரண்டும் பேரத்தில் சேர்க்கக்கூடியவை.

விலையும் தாள்களும்

கண்டதையெல்லாம் இரண்டு பட்டியலாக எழுதுங்கள்: வெல்டிங் தேவைப்படுபவை, ஸ்பேனரோடு முடிபவை. இரண்டாவது பட்டியல் எவ்வளவு நீண்டாலும் வண்டியை வாங்கலாம். விலையைக் குறைத்துக் கேட்டால் போதும். முதல் பட்டியலில் காற்று வழித் தொட்டி, டார்க் பாக்ஸ், ஷாக் டவர் மூன்றில் இரண்டு இடம்பெற்றால், வெல்டிங் தெரிந்தவர் ஒருவரின் எழுத்துபூர்வ மதிப்பீடு கையில் வரும் வரை முன்பணம் தர வேண்டாம்.

பணம் கைமாறும் முன் உரிமை ஆவணத்தில் விற்பவரின் பெயரே இருக்கிறதா, கடன் பாக்கி ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று மாநில வாகனத் துறையில் சரிபார்க்க வேண்டும். நியூயார்க் மாநிலம் 1972 மாடல் வரையிலான வண்டிகளுக்கு டைட்டில் என்ற உரிமை ஆவணம் தருவதில்லை. அங்கே மாற்றத்தக்க பதிவுச் சீட்டுத்தான் உரிமைச் சான்று. நீங்கள் வசிக்கும் மாநிலம் அந்தச் சீட்டோடு வேறு எந்தத் தாளைக் கேட்கும் என்பதை வண்டியை ஏற்றி அனுப்புவதற்கு முன்பே விசாரித்து, விற்பனை ரசீதில் முழு வாகன எண்ணையும் கையெழுத்தோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.